சுவர் விழுந்த பிறகு வந்த தும்மல்

அன்றைய லைப்சிக்கில் குளிர்காலம் என்றாலே கந்தக நெடிதான். கிழக்கு ஜெர்மனியின் வீட்டுக் கணப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்தது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்த வகை. பக்கத்து பிட்டர்ஃபெல்டுக்கு ஐரோப்பாவிலேயே அழுக்கான ஊர் என்று பெயர்.

1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. மறு ஆண்டே இரு ஜெர்மனிகளும் இணைந்தன. புகையில் வளர்ந்த கிழக்குப் பிள்ளைகளுக்குத்தான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மியூனிக் குழந்தை மருத்துவர் எரிகா ஃபான் முட்டியஸ் குழுவினர் லைப்சிக், ஹாலே பிள்ளைகளை மியூனிக் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது கணக்கு தலைகீழாக வந்தது. மார்ச்சளி கிழக்கில் அதிகம். ஆஸ்துமாவும் மகரந்தத் தும்மலும் மேற்கில்தான் கூடுதல். தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தவர்கள் மியூனிக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். கிழக்கில் 18 பேர்.

இரு பக்கமும் ஒரே மக்கள். நாற்பது ஆண்டுப் பிரிவினையில் மரபணு மாறிவிடாது, வாழ்க்கைதான் வேறாகியிருந்தது. கிழக்கில் தாய்மார் வேலைக்குப் போக, கைக்குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தன. ஒன்றின் சளி இன்னொன்றுக்கு ஒட்டியது. கிருமிகளோடு சீக்கிரமே பழகிய உடல் மகரந்தத்தைப் பகையாகப் பார்க்கவில்லை என்பது ஒரு விளக்கம்.

பிறகு நிலக்கரிக் கணப்புகள் அணைந்தன, பழைய ஆலைகள் மூடின, பிறப்பும் சரிந்தது. 1991-92இல் லைப்சிக் பிள்ளைகளில் 2.3 சதவீதமாக இருந்த மகரந்தத் தும்மல் 1995-96இல் 5.1 ஆனது. ஒவ்வாமை 19.3இலிருந்து 26.7க்கு ஏறியது. ஆஸ்துமா மட்டும் பெரிதாக அசையவில்லை. அந்தப் பிள்ளைகள் மூன்று வயது கடந்த பிறகே மேற்கத்திய வாழ்க்கைக்குள் வந்தவர்கள். அப்படியானால், ஆஸ்துமா வருமா வராதா என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறதோ?

மரபணு ஆய்வும் அந்த வயதையே காட்டுகிறது. குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஒரு பகுதி 17ஆவது குரோமோசோமில் இருப்பது 2007இல் தெரிந்தது. அங்கே ஆபத்தான வடிவத்தைக் கொண்ட குழந்தைக்குச் சின்ன வயதில் ரைனோவைரஸ் சளியால் இளைப்பு வந்தால், ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு நன்றாகவே ஏறுகிறது. ஆனால் அதே வடிவம் கொண்ட குழந்தை மாட்டுத் தொழுவத்தில் புழங்கி வளர்ந்தால் இளைப்பு குறைகிறது என்கிறது ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு.

இன்று லைப்சிக்கின் தெற்கே பழைய சுரங்கக் குழி ஏரியாகிவிட்டது. கோடையில் ஊரே அங்கே நீந்துகிறது. பழைய புகை திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது நுரையீரலைக் கெடுத்த புகைதான். ஆய்வாளர்கள் தேடுவது தொழுவத்துத் தூசியில் உள்ள நன்மையை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை. “குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு உண்டா?” என்ற மருத்துவரின் வழக்கமான கேள்வி இனி போதாது. “பிள்ளை முதல் மூன்று ஆண்டு எங்கே, யாரோடு வளர்ந்தது?” என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பாதிக் கதை முழுக்கதையாகும்.