எகிப்தும் ஒரு பழைய வழக்கமும்: மதம் சொன்னதா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: “பெண்ணுறுப்புச் சிதைப்பு இஸ்லாம் சொன்ன சடங்கா?” எகிப்தை வச்சே பார்த்துடலாம்.

முதல்ல, இது என்ன? மருத்துவக் காரணம் எதுவும் இல்லாம, ஒரு சிறுமியோட பிறப்புறுப்பின் வெளிப்பகுதியை வெட்டுறது. எகிப்தில் முஸ்லிம் குடும்பங்களும் இதைச் செஞ்சிருக்காங்க, காப்டிக் கிறிஸ்தவக் குடும்பங்களும் செஞ்சிருக்காங்க. அதே வட ஆப்பிரிக்காவில், முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்கிற மொராக்கோவிலும் துனிசியாவிலும் இந்த வழக்கம் இல்லை. குர்ஆனில் இல்லை, பைபிளிலும் இல்லை.

இன்னொண்ணு, இதோட வயசு. கி.மு. 163ஐச் சேர்ந்த ஒரு கிரேக்க பாப்பிரஸ் கிடைச்சிருக்கு. மெம்ஃபிஸ் நகரத்துல நடந்த பணத் தகராறு பத்தின மனு அது. ஒரு அம்மா, மகளுக்கு எகிப்தியர் வழக்கப்படி இதைச் செய்யணும், அப்புறம் கல்யாணம் பண்ணணும்னு சொல்லிக் காசு வாங்கியிருக்காங்க. இஸ்லாமுக்கும் கிறிஸ்தவத்துக்கும் முன்னாடியே! கவனிங்க, அங்கேயும் பேச்சு சாமியைப் பத்தி இல்லை, கல்யாணத்தைப் பத்தி.

அப்போ மதத்துக்குச் சம்பந்தமே இல்லைன்னு முடிச்சுடலாமா? நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு அது கொஞ்சம் வசதியான பதிலாத் தெரியுது. 1981ல தலைமை முஃப்தி காத் அல்-ஹக் இதை ஆதரிச்சு ஃபத்வா கொடுத்தார். வழக்கம் எங்கிருந்து வந்திருந்தாலும், “மார்க்கக் கடமை”ன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டா, வேண்டாம்னு நினைக்கிற அம்மாவால வீட்டுல வாய் திறக்க முடியாது. லெகசி கோடு மாதிரிதான்: யார் எழுதினதுன்னு தெரியாது, ஆனா மேல ஒருத்தர் “தொடாதே”ன்னு கமென்ட் போட்டுட்டார்.

2007ல இந்த அறுவைக்குப் போன 12 வயசுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனா. அப்போதைய முஃப்தி அலி கோமா இது ஹராம்னு அறிவிச்சார். அதாவது, அதே பதவியில இருந்து நேர் எதிர் தீர்ப்பு. 2008ல சட்டமும் தடை செஞ்சுது.

2014 சர்வேயில, 15 முதல் 49 வயசு வரை திருமணமான பெண்களில் 92 சதவீதம் பேருக்கு இது செய்யப்பட்டிருந்தது. இதை வச்சுத் தடை தோத்துடுச்சுன்னு சொல்ல முடியாது, அதுல பெரும்பாலானவங்களுக்குத் தடைக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது. மகள்கள் தலைமுறையில விகிதம் குறையுது. ஆனா செய்யறவங்க மாறிட்டாங்க: பழைய மருத்துவச்சி இடத்துல இப்போ பெரும்பாலும் டாக்டரும் நர்ஸும். முஃப்தியோட அனுமதி போனதும், வெள்ளைக் கோட்டோட அனுமதி போதும்னு ஆயிடுச்சு. அதனாலதான் 2021ல சட்டத்தைத் திருத்தினப்போ, மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் தண்டனையைக் கூட்டினாங்க.