நிலம் யார் பெயரில் இருக்கிறது?

“இது எங்கள் தாத்தா காலத்து வீடு.” பேராக்கின் பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால், நில அலுவலகம் பார்ப்பது ஒன்றைத்தான்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது?

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. அந்த நிலையை மாற்றவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

மாணவர்களே, உங்கள் குடும்ப நிலத்தின் பதிவை நீங்களே தேடலாம். முதலில் நிலவரி ரசீதை எடுங்கள். பட்டா எண், லோட் எண், முக்கிம், மாவட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டா எண்ணுக்கு முன் ‘ஜிஎம்’ அல்லது ‘பிஎம்’ என்றிருந்தால் மாவட்ட நில அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ‘ஜிஆர்என்’ அல்லது ‘பிஎன்’ என்றிருந்தால் ஈப்போவிலுள்ள மாநில நில, கனிம அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, கட்டணம் செலுத்தி எவரும் தேடலாம். 384ஆம் பிரிவின் கீழ் செய்வது தனிப்பட்ட தேடல். 385ஆம் பிரிவின் கீழ் செய்வது அதிகாரப்பூர்வத் தேடல்; அதற்குச் சான்றிதழ் உண்டு. உரிமையாளர் யார், அடமானம் உள்ளதா, கேவியட் போடப்பட்டுள்ளதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஒன்றை மறவாதீர்கள். ரசீது, வரி கட்டியதற்குத்தான் சான்று, உரிமைக்கு அன்று. இறந்துபோன தாத்தாவின் பெயரே பதிவில் இருந்தால், வாரிசுகள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மலாய்ப் பாரம் பாட்டிக்குச் சிரமமாக இருக்கலாம். உங்களுக்கு அது பள்ளியில் படித்த மொழிதானே? அடுத்த விடுமுறையில் அவரோடு நில அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.