முதலில் இலையைத் திருப்புங்கள்!

மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்து விவசாயம் பண்ணுகிற ஆபீஸ் ஆசாமி நான். கத்திரி, தக்காளி, வெண்டை, போனால் போகிறதென்று ஒரு செம்பருத்தி. நட்டது நான், அனுபவிக்க வருவது பூச்சி!

பூச்சியைப் பார்த்ததும் கடைக்கு ஓடி மருந்து வாங்குகிறோம். அந்த டப்பாவில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சிவப்பு என்றால் படுபயங்கர விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் படிப்படியாகக் குறையும். எங்கள் வீட்டு நாலு வயது வாண்டு, தக்காளியைப் பறித்துச் சட்டையில் துடைத்து அப்படியே கடிக்கிறான். அந்தத் தொட்டியில் எந்தக் கலருக்கும் வேலையில்லை ஸார்.

கீழ்வீட்டு மாமி சொல்வது ஒரே வரி: ‘‘மருந்து தேடறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருப்பா!’’

நூற்றுக்கு நூறு. அசுவினி, மாவுப்பூச்சியெல்லாம் பெரும்பாலும் இலைக்கு அடியில்தான் குடித்தனம். செடியில் எறும்பு ஊர்வலம் போனால் உஷார்! இந்தப் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் இவற்றுக்கு அடியாள் வேலை பார்க்கும்.

அசுவினி கொஞ்சமாக இருந்தால், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே போதும். அடங்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு எதற்கு? எண்ணெயும் தண்ணீரும் மேனேஜ்மென்ட், யூனியன் மாதிரி. நடுவில் சமாதானம் பேச ஆள் வேண்டாமா? நன்றாகக் குலுக்கி, சாயங்காலமாக இலையின் அடியில் தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும். மாவுப்பூச்சி மெழுகுச் சட்டை போட்ட ஆசாமி. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அப்புறம் தெளிக்கணும்.

‘‘அடிச்சேனே, இன்னும் உயிரோட இருக்கே!’’ என்று மறுநாளே புலம்பாதீர்கள். வேம்பு உடனே போட்டுத்தள்ளாது. பூச்சிக்குச் சாப்பாட்டு ஆசை போகும்; தோலுரித்து வளர முடியாமல் தவிக்கும். வாரம் ஒருமுறை தெளித்துப் பொறுமையாக இருங்கள்.

பளபளவென்று சிவப்புச் சட்டையில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டு வந்துவிட்டால், அந்தச் செடியில் தெளிப்பதை நிறுத்துங்கள். சம்பளமே கேட்காமல் அசுவினியைத் தின்கிற உழைப்பாளி அது! கிட்டத்தட்ட அதே சட்டையில் பளபளப்பில்லாத ஒரு வண்டும் வரும். கத்திரி இலையைச் சுரண்டியே சல்லடையாக்கும். அதைக் கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஆபீஸ் மாதிரியேதான். உழைக்கிறவருக்கும் சுரண்டுகிறவருக்கும் ஒரே யூனிஃபார்ம்!