பாஸ்தா வெந்த தண்ணீரை ஏன் கொட்டக் கூடாது?

தெற்கு இத்தாலியில் கோடைக்காலப் பாஸ்தா ஒன்றுக்குத் தக்காளியை வேகவைப்பதே இல்லை. நன்கு பழுத்ததை நறுக்கி, உப்பும் ஆலிவ் எண்ணெயும் பேசில் இலையும் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிடுகிறார்கள். உப்பு பட்டதும் தக்காளிச் செல்களிலிருந்து நீர் சவ்வூடு பரவலால் வெளியேறிக் கிண்ணத்தின் அடியில் தேங்கும். அதுதான் சாஸ்.

ஆனால் சாறும் எண்ணெயும் சேராது. பாஸ்தாவிலும் ஒட்டாமல் வழிந்துவிடும். இங்கேதான் வெந்த தண்ணீர் வேண்டும். பாஸ்தா வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது. அதில் கொஞ்சம் வெளியேறித் தண்ணீரைக் கலங்கலாக்குகிறது. அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி சாஸில் விட்டு வேகமாகக் கிளறினால் எண்ணெய் நுண்துளிகளாக உடையும். மாவுச்சத்தால் கெட்டியான நீரில் அந்தத் துளிகள் மறுபடி எளிதில் ஒன்றுசேராது. சாறு வழவழப்பாகிப் பாஸ்தாவின் மேல் படியும். இந்தப் பாஸ்தாவுக்கு இதைவிட முக்கியமான வேலை வேறில்லை.

இதில் சீஸ் சேர்த்தால்? மொசரெல்லாவில் கேசீன் புரதங்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. சூடேறினால் அந்தப் பிணைப்பு தளர்ந்து சீஸ் நூலாக இழுபடும். அடுப்பிலேயே விட்டால் புரதம் இறுகி, நீரும் கொழுப்பும் பிரிந்து ரப்பராகிவிடும். ரிக்கோட்டாவோ உருகவே உருகாது. அது சூட்டில் திரிந்த பால் தெளிநீர்ப் புரதம். சூடும் அமிலமும் சேர்த்துத் திரித்த நம் பன்னீரும் அப்படித்தான்.

எந்தச் சீஸானாலும் அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். பாஸ்தாவின் சூடே போதும்.