ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: 'லைஃப்டைம்'னா யாரோட லைஃப்டைம்?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "90,000 கிலோமீட்டர் ஓடின ஆட்டோமேட்டிக் கார் விலைக்கு வருது. கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம், மாத்தவே வேண்டாம்னு விக்கிறவர் சொல்றார். நம்பலாமா?"

நேரடியா சொல்லிடறேன்: நம்ப வேண்டாம்.

ஆயில் என்ன செய்யுது?

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸில் ஆயில் தேய்மானத்தை மட்டும் குறைக்கிறதில்ல. எஞ்சின் சக்தியைக் கடத்துறது, கிளட்சை அழுத்திப் பிடிக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோறது எல்லாமே அதோட வேலைதான். கிளட்ச் தேயத் தேய, துகள் ஆயிலில் கலக்கும். சூட்டில் ஆயிலின் குணமும் மெல்லக் கெடும். எஞ்சின் ஆயில் மாதிரி எரிபொருள் கசடு இதில் சேராது. அதனால ரொம்ப நாள் தாங்கும், அவ்வளவுதான்.

பல ஐரோப்பிய கார்களில் இருக்கிற 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லன்னா 8 வருஷத்தில் ஆயிலை மாத்தச் சொல்லுது.

எப்போ மாத்தணும்?

முதல்ல உங்க கார் மேனுவலைப் பாருங்க. அதில் 'கடினப் பயன்பாடு'ன்னு தனி அட்டவணை இருந்தா, நம்மில் பலருக்கும் அதுதான் பொருந்தும். வெயில், மலைப்பாதை, ஓ.எம்.ஆர். மாதிரி ஊர்ந்து போற டிராஃபிக் எல்லாம் அந்தக் கணக்குதான். மேனுவல் எதுவும் சொல்லலைன்னா, 60,000 கிலோமீட்டர்னு நான் வச்சுக்குவேன். சி.வி.டி.க்கு ஆயிலே வேற. மாத்தி ஊத்தினா பெட்டி போயிடும். ஏ.எம்.டி. உள்ளுக்குள்ள சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், இந்தக் கணக்கு அதுக்குப் பொருந்தாது.

எப்படி மாத்துறது?

வடிச்சா பழைய ஆயில் முழுசா வராது. கணிசமான பங்கு டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிடும். அதனால சிலர் கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தடவை வடிச்சு ஊத்துவாங்க. மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில்தான் வேணும். பல கார்களில் டிப்ஸ்டிக் இல்ல. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். அது தெரிஞ்ச மெக்கானிக்கா பாருங்க.

அந்த நேயருக்கு

ஆயில் மாத்தின பில் கேளுங்க. இல்லன்னா, வண்டி ஆறியிருக்கும்போதும் சூடானதுக்கு அப்புறமும் ஓட்டிப் பாருங்க. டி-யில் போட்டதும் தாமதிச்சுப் பிடிக்குதா? கியர் மாறும்போது உதறுதா? ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறலையா? இதில் ஒண்ணு இருந்தாலும் அந்த வண்டியை விட்டுடுங்க. தேஞ்ச கிளட்சைப் புது ஆயில் சரிபண்ணாது. எல்லாம் சரியா இருந்தா, ஆயில் செலவை விலையில் குறைச்சுப் பேசுங்க. ஆயில் செலவு ஆயிரங்களில் முடியும். கியர்பாக்ஸ் போனா லட்சத்தில் நிக்கும்.