மணமும் மருந்தும்

தஞ்சைப் பூக்கடைகளில் கதம்பம் கட்டும்போது மரிக்கொழுந்தின் மணம் தெருவெங்கும் பரவும். கோடையில் நம் வீட்டு மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் ஊறும். அது மணத்திற்கா, உடல் குளிர்ச்சிக்கா என்று கேட்டால் இரண்டிற்கும்தான் என்பர் பெரியோர். வாசனைச் சரக்கையும் மருந்துச் சரக்கையும் நம் முன்னோர் ஒரே நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கினர்.

அக்கடைச் சரக்குகளுள் தொலைவிலிருந்து வரும் ஒன்று சடாமாஞ்சில். இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் வளரும் சிறு செடியின் வேர்த்தண்டு அது. திபெத்திய மருத்துவம், ஆயுர்வேதம், சித்த மருத்துவம் மூன்றும் அதை மருந்தாகக் கொள்கின்றன; கூந்தல் தைலங்களில் மணத்திற்காகவும் சேர்க்கின்றனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, முசிறியிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஹெர்மபோலன் என்னும் கப்பலில் கங்கைப் பகுதிச் சடாமாஞ்சில் 60 பெட்டிகள் இருந்ததாகக் குறிக்கிறது. உரோமர்களும் அதனை நறுமணத் தைலமாகவும் மருந்தாகவும் போற்றினர். வேரோடு தோண்டி எடுக்கப்படுவதால் அச்செடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அரிதான சரக்கில் கலப்படம் எளிதில் நுழையும் என்பதை நாம் மறக்கலாகாது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கே நாட்டு மருத்துவமும் மேலை மருத்துவமும் அறிந்தோர் மருந்துகளை ஆராய்ந்தனர். பயன் கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுள்களாக எழுதிவைக்கப்பட்டன. பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகம் அவற்றைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் வரிசையில் நூல்களாக வெளியிட்டது. பழையது என்பதனாலேயே ஒரு மருந்தை ஏற்காமல், ஆராய்ந்து எழுதிவைத்த மரபு நம்முடையது.

அந்த மரபை நம் இல்லங்களிலும் பின்பற்றுதல் நலம். மணம் என்பது காற்றில் கலந்த மருந்துப்பொருளே. அது மூக்கின் வழியே மூச்சுக்குழலை அடைகிறது. தைலமாகத் தேய்த்தால் தோலின் வழியாகவும் உட்செல்லக்கூடும். ஆகவே ஆஸ்துமா உள்ளவர் அருகில் ஊதுவத்தியும் வாசனைத் திரவியமும் வேண்டா. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது அன்பின் செயலேயாயினும், அப்புகை பிஞ்சு நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு உண்டாகலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். வாசனை எண்ணெய் எதனையும் தாமாகவே உட்கொள்ளுதல் கூடாது.

நோயாளிக்கு வீட்டில் தைலமோ கஷாயமோ சூரணமோ கொடுத்துவந்தால், அந்தப் புட்டியையோ பொட்டலத்தையோ எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அது எங்கள் மருந்தோடு ஒத்துப்போகுமா, அறுவைச் சிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறோம். பாட்டி சொன்ன வைத்தியம் என்று கூறத் தயங்க வேண்டா. நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மறைக்கப்பட்ட மருந்தே எங்களுக்கு அச்சம் தருவது.