பெட்டி ஒன்று, பாஷை வேறு: கைப்பேசியில் படம் ஓடாதது ஏன்?

ஊரில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா எல்லாவற்றையும் வெளிமாநிலத்தில் இருக்கிற நாம் இப்போது கைப்பேசியில்தான் பார்க்கிறோம். பேரன் போனில் பளிச்சென்று ஓடுகிற படம், தாத்தாவின் பழைய போனில் சத்தம் மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக நிற்கிறது. "போன் கெட்டுப்போச்சு" என்று கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் போன் கெடவில்லை. நான் பாத்திர வியாபாரி, பொறியியல் படித்தவனல்ல. கேட்டும் படித்தும் அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

எம்பி4 என்பது பெட்டியின் பெயர். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை ஒன்றுதான். எழுத்து தமிழா, கிரந்தமா, வட்டெழுத்தா என்பது வேறு கேள்வி. கட்டை அவிழ்க்கத் தெரிந்தவரெல்லாம் வாசித்துவிட முடியுமா?

பொத்தான் போன் காலத்தில் 3ஜிபி என்ற பெட்டி இருந்தது. அதில் பெரும்பாலும் எச்.263 படம், ஏஎம்ஆர் ஒலி. ஏஎம்ஆர் மனிதர் பேசுவதற்காகவே செய்யப்பட்டது, ஆகவே நாதஸ்வரம் அதில் தகர டப்பாவுக்குள் ஊதியது போலக் கேட்கும். 2003-இல் எச்.264 வந்தது. இன்று அநேகமாக எல்லாப் போனுக்கும் புரிகிற பொதுப் பாஷை அதுதான். 2013-இல் எச்இவிசி வந்தது. ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே தெளிவு. ஆனால் காப்புரிமைக்காரர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து கட்டணம் கேட்டதால் அது எங்கும் பரவவில்லை. வியாபாரி கண்ணுக்கு இது சரக்கின் குற்றமல்ல, தரகின் குற்றம்! கட்டணமில்லாத ஏவி1 2018-இல் வந்தது.

2017 முதல் புதிய ஐபோன்கள் தாமாகவே எச்இவிசியில்தான் படம் பிடிக்கின்றன. தாத்தாவின் போனுக்கு ஒலியின் பாஷை தெரியும், படத்தின் பாஷை தெரியாது. சத்தம் வந்து படம் வராத ரகசியம் இதுதான். சுருக்கத்தை விரிக்கும் வேலையைப் போனிலுள்ள சில்லு செய்கிறது. சில்லுக்குத் தெரியாததை மென்பொருளால் விரித்தால் போன் சூடாகி பேட்டரி தீர்ந்துபோகும். ஐபோன் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால், சாதாரணமாக எடுக்கும் படங்கள் எச்.264-இல் பதிவாகும்.

சர்வர் பக்கமும் கோளாறு உண்டு. எம்பி4 பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அது கோப்பின் கடைசியில் இருந்தால் படம் தொடங்கத் தாமதமாகும், சில இடங்களில் முழுதும் இறங்கினால்தான் ஓடும். முன்னால் நகர்த்தி வைத்தால் போதும். இன்னொன்று, கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டால் கொடுக்கத் தெரியாத சர்வரிலிருந்து ஐபோனில் படம் ஓடாது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் படத்தை ஆறு, பத்து விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் வைக்கிறார்கள். சிக்னல் குறைந்தால் போன் தானே மட்டமான துண்டுக்கு இறங்கிக்கொள்ளும். ஓடும் ரயிலில் படம் மங்கித் தெளிவது இதனால்தான்.

நம் சங்கங்களின் பழைய விழாப் பதிவுகள் பல ஃபிளாஷ் வடிவில் குறுந்தகட்டில் கிடக்கின்றன. எங்கள் விழாவைப் படம்பிடித்த ஒருவர் அந்த வடிவம் தவிர வேறெதுவும் தரவில்லை. ஃபிளாஷ் பிளேயர் 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதனால் எல்லாம் போச்சு என்று தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மறைந்த பெரியவர்களின் குரல் இருக்கிறது. எஃப்எல்வி கோப்புகளை விஎல்சி என்ற இலவச மென்பொருள் இன்றும் திறக்கும். தகடு நாளாக ஆக வாசிக்காமல் போகும், ஆகவே முதலில் வன்தட்டில் ஏற்றுங்கள். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 பிரதி எடுங்கள். மூலத்தை அழித்துவிட்டால், சுருக்கும்போது போன விவரம் திரும்ப வராது.

எந்தக் கோப்பில் எந்தப் பாஷை என்று அறிய, கணினியில் விஎல்சியில் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் விவரத்தைப் பாருங்கள். ஏவிசி என்று காட்டினால் அதுவே எச்.264, தாராளமாக அனுப்பலாம்.